தொண்டு நிறுவனத்துக்கு ஆள் எடுப்பது, சம்பளம் நிர்ணயிப்பது, வளர்த்தெடுப்பது: முழுமையான வழிகாட்டி

தொண்டு நிறுவனங்களில் ஆள் நிற்பதில்லை என்ற புலம்பலுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் குறைந்த சம்பளம். அது பாதிதான் உண்மை. "இந்தத் திட்டம் முடிந்தால் எனக்கு வேலை இருக்குமா?" என்ற கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லாததும் ஆட்கள் கிளம்பிப் போக அதே அளவு காரணம். வணிக நிறுவனத்தில் விற்பனை வருமானம் சம்பளத்தைத் தாங்குகிறது. இங்கே ஏறக்குறைய ஒவ்வொரு பணியிடத்துக்குப் பின்னாலும் முடிவுத் தேதி குறித்த ஒரு நிதி ஒப்பந்தம் இருக்கிறது. அதனால் ஆள் எடுக்கும் வேலையை விளம்பரத்திலிருந்து தொடங்காமல், நிதி எந்த மாதம் வரை இருக்கிறது என்று பார்ப்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஐந்து பேர் முதல் நூறு பேர் வரை வேலை செய்யும் நிறுவனங்களை மனத்தில் வைத்துக் கீழே உள்ள வரிசை தரப்பட்டிருக்கிறது.

1. பணியிடத்தின் முழுச் செலவைக் கணக்கிடுங்கள்

நிதி கேட்டு எழுதும் பட்ஜெட்டில் வெறும் மாதச் சம்பளத்தை மட்டும் போடுவதுதான் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் தொடக்கம். ஒரு களப்பணியாளரின் ஆண்டுச் சம்பளம் 100 என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் என்னென்ன சேர்கின்றன என்று பாருங்கள்: நிறுவனம் கட்ட வேண்டிய சட்டப்பூர்வப் பங்களிப்புகள் 13, பணிக்கொடைக்கு ஒதுக்க வேண்டியது 5, மருத்துவ மற்றும் விபத்துக் காப்பீடு 4, களப் பயணம், போன், லேப்டாப் 9, அலுவலக வாடகை, கணக்கு, தணிக்கை ஆகியவற்றில் இந்தப் பணியிடத்தின் பங்கு 15, பயிற்சி 3, ஆள் தேடும் செலவு 2, மேற்பார்வையாளர் இவருக்காகச் செலவிடும் நேரம் 10. மொத்தம் 161. நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. இந்த எண்கள் மாதிரிக்குத்தான். ஆனால் வரிகள் எங்கும் இவைதான். எந்த வரியை விட்டாலும் அந்தச் செலவு நிற்காது, வேறொரு திட்டத்தின் பணத்திலிருந்து சத்தமில்லாமல் போகும்.

இரண்டாவது கணக்கு நாட்களைப் பற்றியது. சில நிதியளிப்பவர்கள் ஆள்–நாள் கணக்கில் பணம் தருவார்கள். வாரம் ஐந்து நாள் என்றால் ஆண்டுக்கு 260 நாள். அதில் பொது விடுமுறை 12, ஆண்டு விடுப்பு 20, நோய் விடுப்பு 5, பயிற்சி 5 போனால் வேலை நடப்பது 218 நாள். நாள் கட்டணத்தை 161-ஐ 260-ஆல் வகுத்துப் போட்டால் 0.62 வரும், அந்தக் கட்டணத்தில் 218 நாளுக்கும் பில் போட்டால் கையில் வருவது 135. மீதி 26 நிறுவனத்தின் தலையில். வகுக்க வேண்டிய எண் 218, அப்போது நாள் கட்டணம் 0.74. இந்த ஒரு வகுத்தலில் தவறியே நல்ல திட்டங்கள் பல நட்டத்தில் ஓடுகின்றன.

"நிர்வாகச் செலவு அதிகமாகத் தெரிகிறதே" என்று நிதியளிப்பவர் கேட்டால் தயங்காமல் விளக்குங்கள். நிர்வாகச் செலவின் விகிதத்தை மட்டும் வைத்து ஒரு நிறுவனத்தை எடைபோடுவது தவறு என்று அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்களை மதிப்பிடும் மூன்று அமைப்புகளே, அதாவது கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ், 2013-இல் நன்கொடையாளர்களுக்குக் கூட்டாகக் கடிதம் எழுதின. வாடகை, கணக்கு, தணிக்கை போன்ற பொதுச் செலவுக்காகத் திட்டச் செலவின் மேல் கேட்கும் சதவீதம்தான் மறைமுகச் செலவு விகிதம். அரசோடு தனியாகப் பேசி முடிவு செய்த அப்படியொரு விகிதம் இல்லாத நிறுவனங்கள் கேட்கக்கூடிய அடிப்படை விகிதத்தை அமெரிக்கக் கூட்டாட்சி அரசும் 2024 அக்டோபரில் 10 சதவீதத்திலிருந்து 15 ஆக உயர்த்தியது. கேட்பவருக்குத்தான் கிடைக்கும், கேட்காமலே குறைத்துப் போட்டுவிட்டு வருந்தும் நிறுவனங்கள்தான் அதிகம்.

2. மாதவாரியாக நிதிப் பட்டியல் போடுங்கள்

ஒரு எக்செல் ஷீட் போதும். வரிசைகளில் பணியிடங்கள், நெடுக்கில் அடுத்த 24 மாதங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த மாதச் சம்பளத்தை எந்த நிதி தாங்குகிறது, எத்தனை சதவீதம் என்று எழுதுங்கள். கையெழுத்தான ஒப்பந்தம் பச்சை, எழுத்தில் உறுதி வந்து கையெழுத்துக்குக் காத்திருப்பது மஞ்சள், விண்ணப்பம் மட்டும் போட்டிருப்பது சிவப்பு. வாய்மொழியாக "பார்த்துக்கலாம்" என்று சொன்னதும் சிவப்புதான்.

புதிய பணியிடத்துக்கு ஆள் எடுக்கலாமா என்பதற்கு நாங்கள் பரிந்துரைக்கும் அளவுகோல்: முதல் 12 மாதம் பச்சையாக இருக்க வேண்டும், நோட்டீஸ் காலச் சம்பளமும் இறுதிக் கணக்குத் தொகையும் கையிருப்பு நிதியில் தனியாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் குறுகிய கால ஒப்பந்தம் போடுங்கள், ஆனால் அதை விளம்பரத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இந்தப் பட்டியலில் ஒவ்வொரு ஆளின் சதவீதக் கூட்டலும் 100-ஐத் தாண்டக் கூடாது. ஒரே கணக்காளரின் சம்பளம் ஒரு திட்டத்தில் 60, இன்னொன்றில் 60 என்று ஏறிவிடுவது நடக்கிறது. இரண்டு விண்ணப்பங்களும் வெவ்வேறு மாதங்களில் எழுதப்பட்டிருக்கும். தணிக்கையில் அது இரட்டை வசூலாகத்தான் பார்க்கப்படும். எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு நேரம் போனது என்று பணியாளர் எழுதும் டைம்ஷீட்டையும் பட்ஜெட்டைப் பார்த்து நிரப்பக் கூடாது, உண்மையில் நடந்த வேலையை வாரம் ஒருமுறை எழுத வேண்டும். மூன்று திட்டங்களுக்கான நேரம் பன்னிரண்டு மாதமும் ஒரே 50–30–20 சதவீதம் என்று வந்தாலே அனுபவமுள்ள தணிக்கையாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பிப்பார்.

3. சம்பள அடுக்கு

ஆளைப் பார்த்துச் சம்பளம் பேசினால் நன்றாகப் பேரம் பேசுபவருக்கு அதிகம், கூச்சப்படுபவருக்குக் குறைவு என்றாகும். பதவியை மதிப்பிட்டு அடுக்கு போடுங்கள். நான்கு அளவுகோல் போதும்: தேவைப்படும் அறிவும் திறனும், தானே எடுக்கும் முடிவுகள், பொறுப்பில் உள்ள ஆட்களும் பணமும், வேலையின் சிரமமும் ஆபத்தும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 மதிப்பெண். மூன்று பேர் தனித்தனியாக மதிப்பெண் போட்டுப் பிறகு ஒப்பிடுங்கள். நான்காவது அளவுகோலைச் சிலர் விட்டுவிடுவார்கள். அதனால் இரவில் காப்பகத்தில் இருப்பவர் அலுவலக உதவியாளரின் அடுக்கிலேயே மாட்டிக்கொள்கிறார்.

ஐந்து அல்லது ஆறு அடுக்கு போதும். ஒரு அடுக்கின் நடுப்புள்ளியிலிருந்து அடுத்ததன் நடுப்புள்ளி 25 முதல் 30 சதவீதம் உயரட்டும். ஒவ்வொரு அடுக்கும் நடுப்புள்ளியில் 85 சதவீதத்தில் தொடங்கி 115-இல் முடியலாம். புதியவர் தொடக்கத்தில், வேலையை முழுதாகக் கற்றவர் நடுவில், மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்கும் நிலைக்கு வந்தவர் மேல் பகுதியில்.

நடுப்புள்ளியை எங்கே வைப்பது? பட்ஜெட் அளவிலும் பணிப் பகுதியிலும் உங்களைப் போன்ற எட்டுப் பத்து நிறுவனங்களின் விளம்பரங்களையும் சம்பளத் தகவல்களையும் சேகரியுங்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. களப்பணியாளரை மற்றத் தொண்டு நிறுவனங்களோடு ஒப்பிடலாம். கணக்காளர், மென்பொருள் ஆள், செவிலியர் ஆகியோர் உங்களை விட்டுப் போனால் போகும் இடம் தனியார் நிறுவனமோ மருத்துவமனையோதான். அவர்களுக்கு ஒப்பீடும் அங்கேதான். எல்லாரையும் ஒரே சந்தையோடு ஒப்பிட்டால் கணக்காளர் நாற்காலி வருடத்துக்கு ஒருமுறை காலியாகும், அறிக்கைகள் தாமதமாகும், அடுத்த தவணை நிதியும் தாமதமாகும்.

ஆண்டு உயர்வை இரண்டாகப் பிரியுங்கள்: விலைவாசிக்கு ஈடான பகுதி, திறனுக்கான பகுதி. முதல் பகுதியை எல்லாருக்கும் ஒரே சதவீதமாகக் கொடுத்தால் 50 வாங்குபவருக்கு 6 சதவீதத்தில் 3 கூடும், 200 வாங்குபவருக்கு 12 கூடும். விலைவாசி அதிகம் கடிப்பது முதலாமவரை. ஆகவே கீழ் இரண்டு அடுக்குக்குச் சதவீதம் அல்லது ஒரு குறைந்தபட்சத் தொகை, இரண்டில் எது அதிகமோ அது என்று விதி வையுங்கள்.

தலைமைப் பொறுப்பில் இருப்பவரின் சம்பளத்தை அவரே முடிவு செய்யக் கூடாது. அமெரிக்க வரிச் சட்டம் இதற்கு மூன்று நிபந்தனைகளைச் சொல்கிறது: சொந்த ஆதாயம் இல்லாத உறுப்பினர்கள் முடிவெடுக்க வேண்டும், ஒப்பிடத்தக்க சம்பளத் தகவல் அவர்கள் முன் இருக்க வேண்டும், முடிவும் அதன் காரணமும் அப்போதே எழுதப்பட வேண்டும். இவற்றைக் கடைப்பிடித்தால் சம்பளம் நியாயமானது என்று முதற்கட்டமாக ஏற்கப்படும். அளவுக்கு மீறி வாங்கியதாக நிரூபணமானால் மிகைத் தொகையில் 25 சதவீதம் வாங்கியவர் மீதே வரியாக விழும். எந்த நாட்டில் இருந்தாலும் இந்த மூன்றையும் உங்கள் விதிகளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

நிதி திரட்டுபவருக்குத் திரட்டிய தொகையில் சதவீதக் கமிஷன் தராதீர்கள். நிதி திரட்டும் தொழில்முறையாளர்களின் சர்வதேசச் சங்கமான ஏஎஃப்பி-யின் நெறிமுறையே அதைத் தடுக்கிறது. கமிஷனுக்காக ஓடுபவர் இன்று கிடைக்கும் சிறிய தொகையைப் பிடிப்பார், மூன்று ஆண்டு பேசிக் கிடைக்கக்கூடிய பெரிய நன்கொடையாளரைத் துரத்தித் துரத்தியே இழப்பார்.

இன்னொரு பழக்கம் உடனே நிறுத்த வேண்டியது: சம்பளத்தை முழுதாகக் கணக்கில் காட்டிவிட்டு, ஒரு பகுதியை "நன்கொடையாக" திருப்பித் தரச் சொல்வது. பணியாளர் சம்மதித்தே கொடுத்தாலும், வேலை போய்விடுமோ என்ற பயத்தில் வந்த சம்மதம் அது. நிதியளிப்பவர் பார்வையில் இது பொய்க் கணக்கு, கண்டுபிடித்தால் திட்டம் அன்றோடு முடிந்தது.

4. விளம்பரம்

சம்பளத்தைப் போடுங்கள். "தகுதிக்கேற்ப" என்று எழுதினால் வரும் விண்ணப்பங்களில் பாதி உங்களுக்குக் கட்டுப்படியாகாது, மீதியில் கணிசமானவர்கள் கடைசிக் கட்டத்தில் தொகை தெரிந்ததும் விலகுவார்கள். அடுக்கின் கீழ்நிலை, மேல்நிலை இரண்டையும் கொடுத்து, பெரும்பாலோர் எங்கே சேர்வார்கள் என்றும் சொல்லிவிடுங்கள்.

தகுதிகளை இரண்டாகப் பிரியுங்கள்: முதல் நாளே இருக்க வேண்டியவை, வந்த பிறகு கற்றுக்கொள்ளக்கூடியவை. முதல் பட்டியல் நான்கைத் தாண்டக் கூடாது. பட்டம் கட்டாயம் என்று எழுதும் முன், பட்டம் இல்லாதவரால் இந்த வேலையின் எந்தப் பகுதியைச் செய்ய முடியாது என்று எழுதிப் பாருங்கள். பதில் வரவில்லையென்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். பயனாளிகளின் சமூகத்திலிருந்தே வரக்கூடிய நல்ல களப்பணியாளர்களை வாசலிலேயே தடுப்பது பெரும்பாலும் அந்த ஒரு வரிதான்.

சிரமங்களையும் எழுதுங்கள்: மாதம் எத்தனை நாள் வெளியூர்ப் பயணம், இரவு அழைப்பு உண்டா, நிதி எந்த மாதம் வரை உறுதி. "சேவை மனப்பான்மை உள்ளவர்கள் தேவை" என்ற வாசகம் எதையும் தெரிவிப்பதில்லை. "வாரம் நான்கு நாள் வீடு வீடாகப் போக வேண்டும், ஒரு நாள் பதிவேடு வேலை" என்பது தெரிவிக்கிறது.

முதல் ஏழு நாள் உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் அறிவியுங்கள், பிறகு வெளியே. முன்னாள் தன்னார்வலர்கள், முன்னாள் பணியாளர்கள், கூட்டாளி நிறுவனங்கள் ஆகியோருக்கு நேராக அனுப்புவது பொது வேலைத் தளங்களைவிடப் பொருத்தமான ஆளைக் கொண்டுவரும். ஆனால் அதை மட்டும் நம்பினால் ஒரே வட்டத்து ஆட்களே நிரம்புவார்கள், இரண்டும் வேண்டும்.

5. தேர்வு

விண்ணப்ப முடிவிலிருந்து வேலை ஆணை வரை நான்கு வாரத்துக்குள் முடியுங்கள். வாரம் ஒன்று: பட்டியல் சுருக்குதல். இரண்டு: செயல்முறைத் தேர்வு. மூன்று: நேர்காணல். நான்கு: சரிபார்ப்பு, ஆணை. நீண்டுகொண்டே போனால் நல்ல ஆள் முதலில் போய்விடுவார்.

செயல்முறைத் தேர்வுதான் இதில் அதிகம் சொல்லும். கணக்காளருக்கு 20 வவுச்சர்கள் அடங்கிய ஒரு கோப்பைக் கொடுங்கள். அதில் மூன்று பிழைகளை ஒளித்து வையுங்கள்: ஒரே பில் இரண்டு முறை, திட்டக் காலத்துக்கு முந்தைய தேதியிட்ட ஒரு செலவு, அனுமதி வரம்பைத் தாண்டாமலிருக்க இரண்டாக உடைக்கப்பட்ட ஒரு கொள்முதல். நேரம் 60 நிமிடம். முதலிரண்டைப் பலர் பிடிப்பார்கள். மூன்றாவதைப் பிடித்து, "இதை யாரிடம் கேட்க வேண்டும்?" என்று திருப்பிக் கேட்பவர்தான் உங்களுக்குத் தேவை. களப்பணியாளருக்கு ஒரு நடிப்புச் சூழல் போதும்: பிள்ளையைத் திட்டத்தில் சேர்க்க மறுக்கும் தந்தையாக ஒருவர் உட்காரட்டும். விண்ணப்பதாரர் எத்தனை நிமிடம் கேட்கிறார், எத்தனை நிமிடம் பேசுகிறார் என்று குறியுங்கள். அரை நாளைத் தாண்டும் தேர்வுக்குப் பணம் கொடுங்கள். விண்ணப்பதாரர் எழுதிய திட்ட முன்மொழிவை எடுத்து நிதியளிப்பவருக்கு அனுப்புவது திருட்டு.

நேர்காணலில் எல்லாருக்கும் அதே ஆறு கேள்வி, அதே வரிசை. ஒவ்வொரு கேள்விக்கும் 1, 3, 5 மதிப்பெண் எப்படிப்பட்ட பதிலுக்கு என்று முன்பே எழுதி வையுங்கள். குழுவினர் கலந்து பேசும் முன் தங்கள் மதிப்பெண்ணைத் தனியாகப் போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் மூத்தவர் சொன்னதே எல்லாருடைய கருத்தாகிவிடும். ஆள் தேர்வு முறைகளைப் பற்றிய பழைய ஆய்வுகளை 2022-இல் மறுபடி கணக்கிட்டுப் பார்த்தபோது, வேலைத் திறனை முன்கூட்டிச் சொல்வதில் இப்படி வரையறுத்து நடத்தும் நேர்காணலே முதலிடத்தில் வந்தது.

"உங்களுக்குச் சம்பளம் முக்கியமா, சேவை முக்கியமா?" என்று கேட்காதீர்கள். பொய்யைத் தவிர வேறு பதில் சொல்ல முடியாத கேள்வி அது.

6. சரிபார்ப்பு

குழந்தைகள், முதியோர், வன்முறையிலிருந்து தப்பி வந்தவர்கள் ஆகியோருடன் பழகும் பதவிக்கு இந்தப் படியை அவசரத்திலும் தாண்டக் கூடாது. ஒரு நிறுவனத்தில் தவறாக நடந்து வெளியேறியவர், நல்ல நற்சான்றோடு அடுத்த நிறுவனத்தில் சேர்வதைத் தடுக்கத்தான் 2019-இல் மனிதநேய அமைப்புகள் சேர்ந்து தவறான நடத்தையை வெளிப்படுத்தும் ஒரு திட்டத்தைத் தொடங்கின. அதன்படி, முந்தைய ஐந்து ஆண்டுகளில் வேலை செய்த நிறுவனங்களிடம், பாலியல் சுரண்டல், துன்புறுத்தல் தொடர்பான விசாரணையோ நடவடிக்கையோ இருந்ததா என்று எழுத்தில் கேட்க வேண்டும். நீங்கள் அதில் சேராவிட்டாலும் அந்தக் கேள்வியைக் கேட்கலாம். நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ முகவரிக்கு எழுதுங்கள். விண்ணப்பதாரர் கொடுத்த கைபேசி எண்ணில் பேசுபவர் அவருடைய நண்பராக இருக்கலாம். பதில் வரும்வரை ஆணை கொடுக்காதீர்கள், அல்லது நிபந்தனையோடு கொடுத்து, அதுவரை பயனாளிகளோடு தனியே விடாதீர்கள்.

7. முதல் 90 நாள்

முதல் வாரத்துக்கான கால அட்டவணை சேரும் முன்பே கையில் இருக்கட்டும். முதல் நாள் கொள்கைக் கோப்புகளில் கையெழுத்து வாங்குவதோடு நின்றுவிடாமல், புகார் வந்தால் யாரிடம் சொல்வது என்பதை வாயால் விளக்குங்கள். 30-ஆம் நாள், 60-ஆம் நாள், 90-ஆம் நாள் என்று மூன்று உரையாடல். ஒவ்வொன்றிலும் இரண்டு கேள்வி: எது எதிர்பார்த்தபடி இல்லை, எந்தத் தடையை நாங்கள் நீக்க வேண்டும்? தகுதிகாண் பருவத்தின் கடைசி நாளில் முதல்முறையாகக் குறை சொல்வது நியாயமில்லை, சட்டச் சிக்கலும் வரலாம்.

8. வளர்த்தெடுப்பது

பயிற்சி என்றால் வெளியே நடக்கும் பட்டறை என்று நினைத்துவிடுகிறோம். அழைப்பு வருகிறது, யாருக்கு அன்று வேலை குறைவோ, அல்லது யாருக்கு ஆங்கிலம் வருமோ அவரே போகிறார். வருடத்துக்கு ஐந்து சான்றிதழும் அவருக்கே. இதை மாற்ற ஒரு பதிவேடு போதும்: யார், என்ன பயிற்சி, எந்தத் தேதி, திரும்பிய 30 நாளுக்குள் அதை வைத்து என்ன செய்தார். கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் அது பயிற்சி இல்லை, சுற்றுலா.

உண்மையான வளர்ச்சி மேற்பார்வைச் சந்திப்பில் நடக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 45 நிமிடம், தள்ளிப்போடாமல். முதல் 10 நிமிடம் பணியாளர் கொண்டுவரும் விஷயம். அடுத்த 20 நிமிடம் ஒரே ஒரு உண்மை நிகழ்வை எடுத்து ஆராய்வது: ஒரு வீட்டுச் சந்திப்பு, ஒரு புகார், ஒரு தவறிய கெடு. அடுத்த 10 நிமிடம் அடுத்து கற்க வேண்டிய ஒன்று. கடைசி ஐந்தில் முடிவுகளை இருவரும் எழுதிக்கொள்வது. ஒரு மேற்பார்வையாளருக்குக் கீழ் ஏழெட்டுப் பேருக்கு மேல் போனால் இது நடக்காது, பட்ஜெட் போடும்போதே அதற்கேற்ற எண்ணிக்கையை வையுங்கள்.

பதவி உயர்வில் அடிக்கடி நடக்கும் விபத்து: சிறந்த களப்பணியாளரை ஒருங்கிணைப்பாளர் ஆக்குவது. ஒரே நாளில் நல்ல களப்பணியாளரை இழந்து, திணறும் மேலாளரைப் பெறுகிறோம். இரண்டு ஏணி வையுங்கள். ஒன்று மேலாண்மைக்கு, மற்றொன்று மூத்த களப்பணியாளர், முதன்மைக் களப்பணியாளர் என்று தொழில் திறனில் மேலே போக. இரண்டிலும் ஒரே அடுக்கில் ஒரே சம்பளம். மேலாண்மைக்கு வர விரும்புபவருக்கு முதலில் மூன்று மாதம் பொறுப்பு ஒருங்கிணைப்பாளர் வாய்ப்பு கொடுங்கள், அதற்குரிய படியோடு. பிடிக்கவில்லையென்றால் மரியாதையோடு பழைய இடத்துக்குத் திரும்ப வழி இருக்கட்டும்.

வங்கி வேலை, நிதியளிப்பவர் அறிக்கை, தரவுத்தளம் போன்ற ஒவ்வொரு முக்கிய வேலைக்கும் இரண்டாவது ஆள் ஒருவர் பழகியிருக்க வேண்டும். அவர் ஆண்டில் ஒருமுறையாவது அந்த வேலையை முழுதாகத் தானே செய்திருக்க வேண்டும். பார்த்துக்கொண்டிருந்தது கணக்கில் வராது.

துயரக் கதைகளைத் தினமும் கேட்கும் ஆலோசகர்களுக்கும் காப்பகப் பணியாளர்களுக்கும் நிர்வாக மேற்பார்வை மட்டும் போதாது. சம்பள உயர்வை முடிவு செய்பவரிடம் யாரும் "என்னால் தாங்க முடியவில்லை" என்று சொல்ல மாட்டார்கள். மாதம் ஒருமுறை வெளியாள் ஒருவரோடு தொழில்முறை ஆலோசனை, ஒருவர் ஒரே நேரத்தில் எடுக்கக்கூடிய வழக்குகளுக்கு உச்சவரம்பு, கடுமையான சம்பவத்துக்குப் பின் கேட்காமலே தரும் விடுப்பு. இவை மூன்றும் பட்ஜெட் வரிகளாக எழுதப்படாவிட்டால் நல்லெண்ணமாகவே நின்றுவிடும்.

9. திட்டம் முடியும்போதும், ஆள் போகும்போதும்

நிதிப் பட்டியலில் ஒரு பணியிடத்தின் பச்சைக் கட்டங்கள் தீர 90 நாள் இருக்கும்போது அந்தப் பணியாளரை அழைத்து உண்மை நிலையைச் சொல்லுங்கள்: எந்த விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது, எப்போது தெரியும், கிடைக்காவிட்டால் கடைசி நாள் எது. முன்பே சொன்னால் வேறு வேலை தேடிவிடுவாரே என்று பயப்படுபவர்கள் உண்டு. சொல்லாவிட்டாலும் அவர் தேடிக்கொண்டுதான் இருப்பார், உங்களுக்குத்தான் தெரியாது. கடைசி நாள் வரை இருப்பவருக்கு ஒரு மாதச் சம்பளம் முடிவுத் தொகையாகத் தருவதைத் தொடக்க பட்ஜெட்டிலேயே சேர்த்துக் கேளுங்கள். திட்டத்தின் இறுதி அறிக்கை எழுத ஆள் இருப்பதற்கு அதுவே மலிவான வழி.

ராஜினாமா வந்தபின் நடத்தும் கடைசி நேர்காணலில் பெரும்பாலும் "குடும்பக் காரணம்" என்ற பதில்தான் கிடைக்கும். போவதாகச் சொல்லாதவர்களிடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேளுங்கள்: போன மாதம் வேலையை விடலாம் என்று எப்போதாவது தோன்றியதா, எதனால்? பதிலில் சம்பளம் வந்தால் அடுக்கைப் பாருங்கள். மேற்பார்வையாளர் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அவரைப் பாருங்கள்.

வெளியேறும் நாளில் முடிக்க வேண்டியவை: கையிலுள்ள வேலைகளும் பயனாளிகள் பட்டியலும் எழுத்தில் ஒப்படைப்பு, தரவுத்தளம் மற்றும் வங்கி அனுமதிகள் நீக்கம், பயன்படுத்தாத விடுப்புக்கான தொகையும் பணிக்கொடையும் சேர்த்து இறுதிக் கணக்கு, பணிச் சான்றிதழ். தொடர்ந்து சந்தித்துவந்த பயனாளிகளிடம் புதியவரை அவரே நேரில் அறிமுகம் செய்து வைக்கட்டும்; அதற்கு நோட்டீஸ் காலத்தின் கடைசி இரண்டு வாரத்தை ஒதுக்கிவிடுங்கள்.